உங்கள் பாட்டுப் பட்டியலை வேறு சாஃப்ட்வேருக்கு மாற்றப் போறீங்களா? அதுக்கு முன்னாடி புதுக்கோட்டைப் பாறைகளைக் கொஞ்சம் பாருங்க!

சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் அறிவர் கோயில் விதானத்தின் தாமரைக்குளத்தையும், தூணில் இருக்கும் நடன மங்கையையும், ஏழடிப்பட்டத்தின் சமணப் படுக்கைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து அதிக தூரமில்லாத குடுமியான்மலையை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏழு ராகப் பெயர்களின் கீழ் ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நான்கு நான்காகச் சேர்த்து எழுதிய ஸ்வரங்கள். இந்தியாவில் கிடைத்திருக்கும் இசைக்குறிப்புகளில் மிகப் பழைமையானவற்றில் இதுவும் ஒன்று.

எழுத்துகள் இன்றைக்கும் தெளிவாகத்தான் இருக்கின்றன. பிரச்னை வேறு. ஒரே ஸ்வரத்தை ர, ரி, ரு, ரெ என்று நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள். சில எழுத்துகளின் தலையில் புள்ளி இருக்கிறது. அந்த நான்கு உயிரொலிகள் எதைச் சொல்கின்றன, புள்ளி எதற்கு என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. பக்கத்தில் உள்ள தமிழ் வரி, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்கிறது. எந்த எட்டு, எந்த ஏழு? வீணையின் நரம்புகள் என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். எழுதியவருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் அது சொல்லத் தேவையில்லாத விஷயமாக இருந்திருக்கும். அதனால் எழுதி வைக்கவில்லை.

அதாவது, தகவல் தப்பிவிட்டது. அதைப் படிக்கும் சாவி தொலைந்துவிட்டது.

'இதுக்கும் என் வீட்டு கேசட் லிஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? நிறையவே இருக்கு. இசைத்தட்டு, கேசட், சி.டி, எம்பி3 என்று ஆயிரக்கணக்கில் சேர்த்து, அவற்றுக்குக் கம்ப்யூட்டரில் பட்டியலும் போட்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் அந்தப் பட்டியலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிடும். இல்லையென்றால் மென்பொருளையே கம்பெனி கைவிட்டுவிடும். ஒருகாலத்தில் நம்மூர் கடைகளும் அலுவலகங்களும் நம்பியிருந்த ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பு வந்தது 2004-ல். 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கூகுள் ப்ளே மியூசிக் 2020 இறுதியில் மூடப்பட்டது. யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள ஒரு கெடு கொடுத்தார்கள். கெடுவுக்குள் மாற்றாதவர்களின் சேகரிப்பு அழிக்கப்பட்டது.

மாற்றும்போது பாட்டின் பெயர்கள் பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். தொலைவது அவற்றின் அர்த்தம்தான். அது தொலையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. பழையதன் மேல் எழுதாதீர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே திருமயத்திலும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13-ம் நூற்றாண்டில் வேறொரு கல்வெட்டை வெட்டுவதற்கு இடம் வேண்டி, அதைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். இன்று சில துண்டுகளே மிச்சம். குடுமியான்மலைப் புதிருக்கு விடை சொல்லியிருக்கக்கூடிய ஒரு சாட்சி அப்படிப் போனது.

கம்ப்யூட்டரில் இதே வேலையைச் செய்ய உளி தேவையில்லை. 'சேவ்' பொத்தானே போதும். அதனால் முதல் வேலையாகப் பழைய கோப்பை அப்படியே மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று அதே கம்ப்யூட்டரில், ஒன்று பென்டிரைவிலோ வெளி ஹார்டுடிஸ்க்கிலோ, ஒன்று வீட்டுக்கு வெளியே. கூகுள் டிரைவாக இருக்கலாம், மகள் வீட்டுக் கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்துவிடுங்கள். இனி இந்த மூன்றையும் திறந்து திருத்தக் கூடாது. வேலையெல்லாம் நான்காவது பிரதியில்தான்.

புதிய மென்பொருள் ஓட ஆரம்பித்த உற்சாகத்தில் பழையதை அன்றைக்கே நீக்கிவிடாதீர்கள். குறைந்தது ஆறு மாதமாவது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். 'இதுல ஏதோ ஒண்ணு குறையுதே' என்று பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துதான் தோன்றும்.

2. ஒரு பக்கச் சாவி எழுதுங்கள்

எந்தப் பொத்தானையும் அழுத்தும் முன்பு ஒரு தாளை எடுங்கள். பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு பத்தியின் தலைப்பையும் எழுதி, எதிரே அதன் பொருளை ஒரு வரியில் எழுதுங்கள்.

'நிலை' என்ற பத்தியில் 1, 2, 3 என்று போட்டிருக்கிறீர்களா? 1 என்றால் நல்ல நிலையா, மோசமா? 'வருடம்' என்பது படம் வந்த வருடமா, அந்தத் தட்டு அச்சான வருடமா, நீங்கள் வாங்கிய வருடமா? அலமாரி எண் 'கே-3-பி' என்றால் எந்த அறை, எந்தத் தட்டு? நட்சத்திரக்குறி போட்டது பிடித்த பாட்டுக்கா, கீறல் விழுந்த பாட்டுக்கா?

உங்களுக்கு எல்லாம் மனப்பாடம்தான். ஆனால், இந்தப் பட்டியலை உங்களுக்குப் பிறகு திறக்கப்போகிறவருக்கு? அப்பா விட்டுப்போன பட்டியலைத் திறந்து, 'நிலை 3' என்ற 400 தட்டுகளைப் பொக்கிஷமாக வைத்திருப்பதா, பழைய கடைக்குப் போடுவதா என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுத அரை மணி நேரம் ஆகும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

3. எல்லோருக்கும் புரியும் வடிவத்தில் வெளியே எடுங்கள்

பழைய மென்பொருளின் கோப்பைப் புதியது நேரடியாகப் படித்துவிட்டால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் படிக்காது. நடுவில் ஒரு பொதுவடிவம் தேவை. சிஎஸ்வி எனப்படும், காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட சாதாரண எழுத்துக்கோப்பு அதற்குப் போதும். 'எக்ஸ்போர்ட்' என்ற வசதியில் இது இருக்கும். எழுத்துமுறை கேட்டால் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மென்பொருளே திறக்கவில்லையா? டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோவின் டிபிஎஃப் கோப்புகளை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் நேரடியாகவே திறக்கும். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் என்றால் தகவல் ஒரே அட்டவணையில் இருக்காது. ஆல்பம் ஒன்றில், பாடல்கள் ஒன்றில், பாடகர்கள் ஒன்றில் என்று பிரிந்து, எண்களால் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அட்டவணையையும் தனித்தனியாக எடுங்கள். அந்த இணைப்பு எண்களை 'தேவையில்லாத நம்பர்' என்று நீக்கிவிட்டால், எந்தப் பாட்டு எந்த ஆல்பம் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

காற்புள்ளியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'எஸ்.பி.பி, எஸ்.ஜானகி' என்று ஒரே கட்டத்தில் இரண்டு பாடகர்களை எழுதியிருந்தால், அந்தக் காற்புள்ளியைப் புதிய மென்பொருள் அடுத்த பத்தியின் தொடக்கமாக நினைக்கலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது கட்டங்களை மேற்கோள்குறிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைப் பிரிக்க, பட்டியலில் வேறெங்கும் வராத ஒரு குறியை வைத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோடு நல்லது.

4. எக்ஸலின் 'உதவி' வேண்டாம்

சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்தால் எக்ஸல் திறந்துகொள்ளும். அங்கேதான் ஆபத்து. நீங்கள் கேட்காமலேயே அது சில திருத்தங்களைச் செய்துவிடும்.

• 00457 என்ற இசைத்தட்டு எண் வெறும் 457 ஆகிவிடும்.

• 4 நிமிடம் 35 நொடி பாட்டை 4:35 என்று எழுதியிருந்தால், அதை அதிகாலை 4 மணி 35 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும்.

• 890 என்று தொடங்கும் 13 இலக்க பார்கோடைச் சுருக்கிக் காட்டும். அதே நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால், கடைசி இலக்கங்கள் நிஜமாகவே போய்விடும்.

• 3-7 என்று அலமாரி எண் இருந்தால் அது ஒரு தேதியாகிவிடும்.

'நமக்கு மட்டும்தான் இப்படி ஆகுதா?' என்று நினைக்க வேண்டாம். மரபணு விஞ்ஞானிகளையே எக்ஸல் படுத்தியிருக்கிறது. சில மனித மரபணுக்களின் குறியீடுகள் மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம்போல இருந்ததால், எக்ஸல் அவற்றைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாகிவிட்டது!

தப்பிக்க வழி சுலபம். கோப்பை டபுள் கிளிக் செய்யாமல், எக்ஸலைத் திறந்து 'டேட்டா' பகுதியிலிருந்து உள்ளே கொண்டுவந்து, எல்லாப் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' என்று குறிப்பிடுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் கோப்பைத் திறக்கும்போதே எழுத்துமுறை என்ன, எந்தப் பத்தி எந்த வகை என்று கேட்கும். அதனால் இந்த வேலைக்கு அதுவே பாதுகாப்பானது.

5. தமிழ் எழுத்துகள்: ஒரே மொழி, பல வேஷம்

சித்தன்னவாசல் மலையில் ஒரே மொழி வெவ்வேறு எழுத்துகளில் இருக்கிறது. ஏழடிப்பட்டத்தின் கற்படுக்கையில் தமிழி என்கிற தமிழ்பிராமி. கீழே அறிவர் கோயிலில் 9-ம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து. இப்படிக் குகைகளில் கிடைத்த பழைய எழுத்துகளுக்குள் இருப்பது தமிழ்தான் என்று கே.வி.சுப்பிரமணிய ஐயர் 1924-ல் எடுத்துக்காட்டும் வரை, அவற்றில் என்ன மொழி இருக்கிறது என்பதே குழப்பமாக இருந்தது.

நம் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் இதே கதைதான். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தமிழில் பட்டியல் போட்டவர்கள் பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துமுறையைப் பயன்படுத்தினார்கள். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்தது. 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. இன்றைய மென்பொருள்கள் எதிர்பார்ப்பது யூனிகோடைத்தான்.

உங்கள் பட்டியல் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளும் விசித்திரக் குறிகளுமாகத் தெரிந்தால் பழைய எழுத்துமுறை. அதை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. என்.ஹெச்.எம் கன்வெர்ட்டர் அவற்றில் ஒன்று.

ஆனால், மொத்தக் கோப்பையும் அப்படியே கருவிக்குள் போட்டுவிடாதீர்கள். பாமினியில் எழுதிய பாட்டுப் பெயரும், ஆங்கிலத்தில் எழுதிய கம்பெனிப் பெயரும் ஒரே கோப்பில் இருக்கும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். 'கொலம்பியா' என்று ஆங்கிலத்தில் இருந்தது, தமிழ் எழுத்தில் ஏதோ ஒரு மந்திரம்போல மாறி நிற்கும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியாக எடுத்து மாற்றி, மறுபடி அதே இடத்தில் ஒட்டுங்கள். ஒட்டியபின் முதல் வரிசையும் கடைசி வரிசையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரே ஒரு வரிசை நகர்ந்தாலும், கண்ணதாசன் பாட்டெல்லாம் வாலி கணக்கில் சேர்ந்துவிடும்.

6. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு

யூனிகோடுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. டி.எம்.எஸ்ஸின் பெயரில் வரும் 'சௌ' என்ற எழுத்தைச் சரியான ஔகாரக் குறியோடும் தட்டச்சலாம். ஒற்றைக்கொம்பு போட்டு, 'ச' எழுதி, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தைப் போட்டும் தட்டச்சலாம். பார்ப்பதற்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கோ வெவ்வேறு மனிதர்கள். 'ஸ்ரீ' என்ற எழுத்தையும் இரண்டு விதமான குறியீடுகளில் எழுத முடியும். பி.பி.ஸ்ரீநிவாஸ் என்று தேடினால் பாதிப் பாட்டுகள் வராமல் போவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

இவை தவிர நாமே செய்யும் வேறுபாடுகளும் உண்டு. பாலசுப்ரமணியம், பாலசுப்பிரமணியம், எஸ்.பி.பி, எஸ்பிபி. இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நாலைந்து விதம். மாற்றுவதற்கு முன்பே இவற்றை ஒன்றாக்கிவிடுவது நல்லது. ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள், ஒரு பத்தியில் இருக்கும் பெயர்களையெல்லாம் எண்ணிக்கையோடு வரிசையாகக் காட்டும். ஒரு பெயருக்கு 612 பாட்டு, ஏறக்குறைய அதே பெயருக்கு 3 பாட்டு என்று தெரிந்தால், எது எழுத்துப்பிழை என்று உடனே புரிந்துவிடும். எக்ஸலில் பிவட் டேபிள் போட்டும் இதைப் பார்க்கலாம்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. வெளிநாட்டு மென்பொருள்கள் பெயரைக் குடும்பப்பெயர், சொந்தப்பெயர் என்று பிரித்துத் திருப்பிப்போடும். 'சுசீலா, பி.' என்று வந்து நிற்கும். நம்மிடம் இருப்பது தலைப்பெழுத்து. அந்தத் தானியங்கி வசதியை அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவிடுங்கள்.

7. நம்ம பாட்டுக்கு நம்ம பத்திகள்

இனிதான் முக்கியமான வேலை. பழைய பட்டியலின் எந்தப் பத்தி, புதியதில் எங்கே போகப்போகிறது? பெரும்பாலான இசை மென்பொருள்கள் ஆங்கிலப் பாப் ஆல்பத்தை மனதில் வைத்து உருவானவை. ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், டிராக், வருடம். அவ்வளவுதான்.

தமிழ் சினிமாப் பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் யார்? பாடியவரா, இசையமைத்தவரா? கம்போஸர் என்ற இடத்தில் எம்.எஸ்.விஸ்வநாதனைப் போடுவோம். சரி. கச்சேரிப் பதிவுக்கு அதே இடத்தில் தியாகராஜரைப் போடுவோம். அதுவும் சரி. ஆனால், பாடலாசிரியர் எங்கே? ராகம், தாளம்? வயலின் யார், மிருதங்கம் யார்? இவற்றுக்கெல்லாம் புதிய மென்பொருளில் இடம் இல்லையென்றால், அது சத்தமே இல்லாமல் விட்டுவிட்டுப் போய்விடும். 'இறக்குமதி வெற்றி' என்று பச்சை டிக் மட்டும் காட்டும்.

அதனால் வாங்கும் முன்பே பாருங்கள்: நாமே புதிய பத்திகளை உருவாக்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மென்பொருள் நமக்கு வேண்டாம்.

நம் சேகரிப்புகளுக்கே உரிய சில விஷயங்கள்:

• ஒரு கேசட், இரண்டு படம்: 'ஏ' பக்கத்தில் ஒரு படம், 'பி' பக்கத்தில் இன்னொரு படம் என்று வந்த கேசட்டுகள் நம்மிடம் ஏராளம். 'ஆல்பம்' என்பதும் 'பொருள்' என்பதும் வேறு வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அலமாரியில் இருப்பது ஒரு பொருள். அதற்குள் இரண்டு ஆல்பங்கள்.

• ஒரு பாட்டு, இரண்டு பக்கம்: 78 ஆர்.பி.எம் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். நீளமான பாட்டு என்றால் முதல் பாகம் ஒரு பக்கம், மீதி மறுபக்கம். பட்டியலில் இவை இரண்டு தனிப் பாடல்களாக மாறிவிடாமல், 'பாகம்' என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

• ஒரே பெயர், இரண்டு படம்: 'பில்லா' 1980-லும் உண்டு, 2007-லும் உண்டு. 'படிக்காதவன்' 1985, 2009. 'மாப்பிள்ளை' 1989, 2011. படப்பெயரை அடையாளமாக வைத்தால், எம்.எஸ்.வி-யின் பில்லாவும் யுவனின் பில்லாவும் ஒரே ஆல்பமாகிவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். அதே எண்ணைச் சின்ன ஸ்டிக்கரில் உறையின் மேலும் ஒட்டுங்கள். எந்த மென்பொருளுக்கு மாறினாலும் அந்த எண் மாறக் கூடாது.

• ராகத்தின் பெயர்: கரகரப்பிரியா, கரஹரப்ரியா என்று எழுத்து மாறும். மேளகர்த்தா ராகமென்றால் பக்கத்தில் 22 என்று அதன் எண்ணையும் போட்டுவிட்டால் குழப்பம் இல்லை.

எதிலும் சேராத குறிப்புகளைத்தான் மறந்தும் விட்டுவிடக் கூடாது. 'மூர் மார்க்கெட்டில் வாங்கியது', 'பெரியப்பா கல்யாணத்துக்கு வந்த பரிசு', 'இரண்டாவது சரணத்தில் ஊசி தாவும்' என்றெல்லாம் எழுதி வைத்திருப்பீர்கள். படத்தின் பெயரையும் பாடகர் பெயரையும் உலகத்தில் எங்கிருந்தும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த வரிகள் உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.

8. முதலில் கஷ்டமான 50

ஒரேயடியாக 5,000 வரிசைகளையும் ஏற்றாதீர்கள். 50 வரிசைகளைத் தேர்ந்தெடுங்கள். சுலபமானவை வேண்டாம், தொல்லை தரக்கூடியவையாக இருக்கட்டும். இரண்டு படக் கேசட், நான்கு பாடகர்கள் சேர்ந்து பாடிய பாட்டு, 'ஸ்ரீ' வரும் பெயர், நீளமான குறிப்பு, வருடம் தெரியாத தட்டு. இவை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மற்றவையும் போகும். சரியில்லையா? புதிய மென்பொருளில் இருப்பதை அழித்துவிட்டு, கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றுங்கள். மூன்று நான்கு தடவை ஆகலாம். தப்பில்லை.

மொத்தத்தையும் ஏற்றியபின் கணக்குப் பாருங்கள். பழையதில் எத்தனை வரிசை, புதியதில் எத்தனை? அது மட்டும் போதாது. ஒவ்வொரு பத்தியிலும் நிரம்பியிருக்கும் கட்டங்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள். வரிசை 5,000 சரியாக இருந்து, 1,200 பாட்டுகளுக்கு இருந்த ராகம் 300 ஆகியிருந்தால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

அடுத்தது அலமாரிச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு 20 தட்டுகளை எடுத்து, அவை திரையில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு திரையில் 20-ஐத் தேர்ந்தெடுத்து, அவை அலமாரியில் சொன்ன இடத்தில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இரண்டு திசையிலும் பார்த்தால்தான் முழுச் சோதனை.

எம்பி3 கோப்புகளும் இருந்தால் இன்னொரு விஷயம். பட்டியலில் 'டி' டிரைவில் இந்த ஃபோல்டர் என்று முகவரி இருக்கும். புதிய கம்ப்யூட்டரில் அந்த முகவரியே இருக்காது. பாட்டு இருக்கும், பட்டியல் 'காணோம்' என்று சொல்லும். ஏற்றுவதற்கு முன்பே அந்த முகவரிப் பத்தியை மொத்தமாக 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' செய்துவிடுங்கள். அட்டைப்படங்கள், 'எத்தனை முறை கேட்டது', 'சேர்த்த தேதி' போன்றவை சாதாரண எக்ஸ்போர்ட்டில் வருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல மென்பொருள்களில் வராது.

9. 'ஆட்டோ மேட்ச்' ஜாக்கிரதை!

புதிய மென்பொருள்கள் டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற பொதுத் தரவுத்தளங்களிலிருந்து தகவலைத் தானாக நிரப்பித் தரும். வசதிதான். ஆனால், நீங்கள் தட்டின் மேல் பார்த்து எழுதியதை அழித்துவிட்டு, யாரோ வேறொரு பதிப்பைப் பார்த்து எழுதியதை வைத்துவிடவும் செய்யும். உங்களிடம் இருப்பது முதல் பதிப்பு. அது காட்டுவது பல வருடம் கழித்து வந்த மறுபதிப்பு. 'காலியான கட்டங்களை மட்டும் நிரப்பு' என்ற தேர்வு இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் இந்த வசதியையே அணைத்துவிடுங்கள்.

'எல்லாம் நெட்ல இருக்கே' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. 1993-ல் தொடங்கிய சிடிடிபி என்ற தரவுத்தளத்தில், உலகம் முழுக்க ரசிகர்கள் தங்கள் சி.டி விவரங்களைச் சும்மாவே தட்டச்சிக் கொடுத்தார்கள். பிறகு அது கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமாகிவிட்டது. அதற்கு மாற்றாக வந்த இலவச ஃப்ரீடிபி, 2020-ல் மூடப்பட்டது. உங்கள் பட்டியல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.

10. யார், எப்போது, என்ன மாற்றினார்?

சித்தன்னவாசல் அறிவர் கோயிலையும் ஓவியங்களையும் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனோடு சேர்த்துப் பேசிவந்த காலம் உண்டு. அந்தக் கணக்கை மாற்றியதில் முக்கியப் பங்கு, கோயிலில் இருக்கும் ஒரு கல்வெட்டுக்கு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர், அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டிய மன்னன் காலத்தில் இந்தக் கோயிலைப் புதுப்பித்து, முன்மண்டபமும் எடுப்பித்தார் என்று அது சொல்கிறது. அவர் வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால், எது பழையது, எது புதியது என்று நமக்குத் தெரிந்திருக்காது.

நீங்களும் ஒரு இளங்கௌதமன்தான். முன்பு எழுதிய அந்த ஒரு பக்கச் சாவியின் கீழே இன்னும் நான்கு வரி சேருங்கள். எந்தத் தேதியில், எந்த மென்பொருளிலிருந்து எதற்கு மாற்றினீர்கள், எத்தனை வரிசைகள், எந்தப் பத்திகளை ஒன்றாக்கினீர்கள், எதை விட்டீர்கள், யார் செய்தது. அதைச் சாதாரண எழுத்துக்கோப்பாகப் பட்டியலோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஒரு அச்சுப்பிரதி எடுத்து, கேசட் அலமாரியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கரன்ட் இல்லாவிட்டாலும் படிக்கலாம்.

அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பட்டியலை சிஎஸ்வியாக எடுத்து வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை மென்பொருள் கைவிட்டாலும் பதற்றம் இருக்காது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றினால், காரைக்குடி பக்கம் கோட்டையூரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுக்கத் தனியாளாகச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும், அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-ல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. முறைப்படி பட்டியலிட்ட பிறகு, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் வேண்டியதைத் தேடி எடுக்க முடிகிறது.

உங்கள் வீட்டு அலமாரிக்குச் சிகாகோவிலிருந்து ஆள் வராமல் போகலாம். உங்கள் பேத்தி வரலாம். அவள் அந்தப் பட்டியலைத் திறக்கும்போது, 'நிலை 3' என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிய வேண்டும். முதல் வேலையாக ஒரு தாளை எடுங்கள்.